வடக்குப் பாறை

சனிக்கிழமை ஏறிய சிகரமே வெர்னாவின் உயிரை வாங்கிவிட்டது. ஞாயிறு காலை கூடாரத்துக்குள் காலுறை மாட்டுவதற்குள் மூச்சு வாங்கியது. நெவாடாவின் இந்தப் பொட்டல் மலைகளில் வாரக்கடைசிகளைத் தொலைத்தே கிழவியானவள் அவள். மலையேற்றக் குழு பட்டியலிட்டு வைத்திருக்கும் சிகரங்களில் அவளுக்கு மிச்சம் இருந்தது கெட்டில் மலை ஒன்றுதான். அடுத்த மாதம் இரண்டு முழங்காலுக்கும் அறுவை சிகிச்சை. இன்று விட்டால் விட்டதுதான்.

முன்னால் நடந்தவர் ராய்ஸ். முப்பது வருடப் பழக்கம், முப்பது வருடமும் சிடுமூஞ்சி. பாதை என்று ஒன்று கிடையாது. புதர் காலைக் கிழித்தது, சரளைச் சரிவில் ஓர் அடி வைத்தால் அரை அடி சறுக்கியது. பின்னால் வந்த லாயிட், அடி பிளந்துபோன பூட்ஸில் டேப் சுற்றியிருந்தார். நர்ஸ் மரிசெல் வழியெல்லாம் முந்தைய இரவு அதிகம் குடித்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

உச்சிக்குச் சற்றுக் கீழே எல்லோரும் நின்றார்கள். கடைசிச் சிகரத்தை முடிக்கிறவர்தான் முதலில் கால் வைக்க வேண்டும், மற்றவர்கள் காத்திருப்பார்கள். அது இவர்கள் வழக்கம். வெர்னா ஏறினாள், கை தட்டினார்கள், லாயிட் சுமந்து வந்த வெதுவெதுப்பான ஒயின் பிளாஸ்டிக் கோப்பைகளில் சுற்றி வந்தது. அவள் கொஞ்சம் அழுதாள். சந்தோஷத்தைவிட அலுப்புதான் அதில் அதிகம்.

அப்புறம்தான் கவனித்தாள். ராய்ஸ் தன் பித்தளைக் குழலை எடுக்கவே இல்லை. உள்ளே ரசமட்டக் குமிழும் குறுக்கே ஒரு கோடும் வைத்த விரலளவுக் குழல் அது. எந்த உச்சிக்குப் போனாலும் அதைக் கண்ணில் வைத்து, பக்கத்து உச்சி ஏதும் உயரமா என்று பார்த்துவிட்டுத்தான் மனுஷர் தண்ணீரே குடிப்பார். முகட்டின் மறுகோடியில், வடக்கே, ஒரு பாறை நின்றது.

“அந்தக் குழலைக் கொஞ்சம் குடு, ராய்ஸ்.”

“கார்லயே விட்டுட்டேன்.”

“அப்ப சட்டைப் பையில கயிறு தொங்குதே, அது என்ன உன் வாலா?”

முனகிக்கொண்டே கொடுத்தார். அவள் பார்த்தாள். குமிழ் நடுவில் நின்றது, வடக்குப் பாறையின் தலை கோட்டுக்கு மேலே இருந்தது. ஓர் ஆள் உயரமாவது அதிகம் இருக்கும். திரும்பினால், மரிசெல் தொப்பியை முகத்தில் போட்டுத் தூங்குகிறாள், லாயிட் வீங்கிய பாதங்களைக் காற்றாட நீட்டியிருக்கிறார். இவள் வாயைத் திறந்தால் அத்தனை பேரும் எழுந்து அந்தப் பாறைவரை கூடவே வருவார்கள்.

“இதுதான் ஒசரம்” என்றாள்.

ராய்ஸ் குழலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பெண்டாட்டி மணி சொன்னால்கூடக் கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்க்கிற ஆள், தானும் ஒருமுறை பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முழங்கால் சொடக்கிட எழுந்தார்.

“உக்காந்தே இருந்தா கால் பிடிச்சுக்கும். அந்தப் பக்கம் நடந்துட்டு வரேன், வரியா?”

கால் பிடித்துக்கொள்ளும் என்று எவரும் அந்தக் கத்திமுனை முகட்டில் நடக்கமாட்டார். ஆனாலும் அவள் எழுந்தாள். ஓரிடத்தில் இருவரும் உட்கார்ந்தே நகர வேண்டியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் சுருக்கென்றது.

வடக்குப் பாறையின் தலைக்குச் சற்றுக் கீழே ராய்ஸ் நின்றார். ஒதுங்கி, கைத்தடியில் சாய்ந்து, வேறெங்கோ பார்த்தார்.

“தெரிஞ்சேதான் கூட்டிட்டு வந்தியா?” என்றாள் வெர்னா.

“கீழ இருந்து பாக்கறப்ப அந்தத் தெக்கு உச்சிதான் ஒசரமாத் தெரிஞ்சுது. கிட்ட வந்தப்புறம் சந்தேகம் வந்துடுச்சு. நீ நொண்டிக்கிட்டு வந்ததைப் பாத்தேனா, சொல்ல வாய் வரல.”

“நான் பொய் சொன்னது?”

“மூஞ்சியிலயே எழுதியிருந்துச்சு. போ, நிக்க நிக்க எனக்கும் வலிக்குது.”

கையையும் ஊன்றி ஏறினாள். கைதட்டல் இல்லை, ஒயினும் தீர்ந்துவிட்டது. உட்கார்ந்ததும் உடம்பே தன்னுடையதில்லை போலிருந்தது. இவ்வளவு களைப்பில் இவ்வளவு நிம்மதி வரும் என்று அவள் நினைக்கவில்லை. ராய்ஸ் மேலே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

தெற்கு உச்சியில் மரிசெல் எழுந்து நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். லாயிட் குனிந்து பூட்ஸில் மறுபடி டேப் சுற்றினார்.

வெர்னா பதறிக் கையை ஆட்டினாள். வேண்டாம், வராதீர்கள் என்று. அவர்களும் கையை ஆட்டினார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக, நொண்டிக்கொண்டே, வடக்குப் பாறையை நோக்கி முகட்டில் இறங்கத் தொடங்கினார்கள்.