அம்புக்குறி சைலன்சர் பக்கம்

கொழுந்தன் மரம் அறுக்கும் மோட்டார் ரம்பத்தை வாசற்படியில் இறக்கிவைத்துவிட்டு, "அண்ணி, அண்ணன்கிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றான். ஆயில் கலக்காத வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருக்கிறான். பாதி மரத்தில் மிஷின் கிறீச்சிட்டு இறுகிவிட்டது. அவள் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். சுவரைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது.

உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்த கணவர் காதில் எல்லாம் விழுந்துதான் இருந்தது. "பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடு" என்றார். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்தக் குரலில் பாரம் இறங்கிய ஒரு சுகம் தெரிந்தது. மரம் வெட்டும்போது கிளையிலிருந்து விழுந்ததில் அவருடைய வலது தோள் முறிந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் இன்றைக்கு மழை, நாளைக்கு வெயில் என்று கடத்திக்கொண்டிருந்தார். ரம்பமே இல்லையென்றால் சாக்குச் சொல்லும் வேலையும் மிச்சம். பயம் என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவள் ரம்பத்தை இரும்புக்காரனிடம் போடவில்லை. தையல் மிஷினைப் பிரித்து மாட்டிப் பழகிய கை அவளுடையது. முன்கூடத்தில் பழைய போர்வையை விரித்து, திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கினாள். சிலிண்டரை உருவியதும் பிஸ்டன் தெரிந்தது. ஒரு பக்கம் முழுக்கப் பூனை பிறாண்டியதுபோல் கோடுகள். அதைச் சுற்றிய ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கிடந்தது. சிலிண்டரின் உட்சுவரிலும் பிஸ்டனின் அலுமினியம் உருகித் தீற்றலாகப் படிந்திருந்தது. உப்புத்தாளை நனைத்து, மாலைவரை பொறுமையாகத் தேய்த்தாள். தீற்றல் கரைந்து, அடியில் சுவர் பழுதில்லாமல் பளபளத்தபோது, போன உயிர் திரும்பியதுபோல் இருந்தது.

மறுநாள் காலையில் கொழுந்தன் புதுப் பிஸ்டனை வாங்கிவந்து, அண்ணன் கண்ணில் படாமல் கொடுத்துவிட்டுப் போனான். அவள் ஆயில் தடவி அதைப் பொருத்திக்கொண்டிருந்தாள். அறைக்குள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பின் அவர் குரல் வந்தது.

"அம்புக்குறி எந்தப் பக்கம் பாக்குது?"

அவள் குனிந்து பார்த்தாள். பிஸ்டன் தலையிலிருந்த அம்பு சைலன்சர் பக்கம் சரியாகத்தான் இருந்தது.

"தெரியலயே. நீங்களே வந்து பாருங்க" என்றாள்.

வந்தார். பார்த்தார். அவளையும் ஒரு பார்வை பார்த்தார். "சரியாத்தானே இருக்கு" என்று முனகினாரே தவிர, திரும்பிப் போகவில்லை. போர்வையில் உட்கார்ந்து இடதுகையால் பிஸ்டனைப் பிடித்துக்கொண்டார். பிஸ்டனைக் கோக்கும் குட்டி அச்சு கழன்றுவிடாமல் தடுக்கும் கம்பி லாக்கை அவள் அழுத்த, அது விர்ரென்று பறந்தது. இருவரும் தரையில் தவழ்ந்து தேடினார்கள். கடைசியில் அது அவருடைய சட்டைப் பையில் கிடந்தது.

"நான் எடுக்கல. அதுவா வந்துச்சு" என்றார். அவள் சிரித்ததில் கையிலிருந்த திருப்புளி நழுவி விழுந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவரும் சிரித்தார்.

மதியத்துக்குள் எல்லாவற்றையும் பூட்டி முடித்தார்கள். பெட்ரோலில் ஆயிலை அவரே கலந்தார். ரம்பத்தைப் பின்முற்றத்துக்குக் கொண்டுபோனதும் கயிற்றுக்கு வலதுகையை நீட்டியவர், தோள் உயராமல் நிறுத்திக்கொண்டார். அவள் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். மறுபடி இழுத்தாள். மிஷின் ஒருமுறை இருமியது.

"சோக்கைத் தள்ளிட்டு இழு."

இழுத்தாள். பிடித்துக்கொண்டது. வெண்புகை கக்கி, தடுமாறி, பிறகு சீராக ஓடியது. செயின் அசையாமல் நிற்க, மிஷின் மட்டும் அதிர்ந்து அதிர்ந்து தரையில் நகர்ந்தது. அவர் செருப்புக் காலைப் பின்பிடிக்குள் நுழைத்து மிதித்து அதை நிறுத்தினார். பின் மெல்லக் குனிந்து, இடதுகையால் முன்பிடியைப் பற்றித் தூக்கினார். வலதுகை தயங்கித் தயங்கிப் பின்பிடியைத் தொட்டது. விரல் விசையை லேசாக அழுத்த, மிஷின் குரல் உயர்ந்தது.

அவள் ஓரடி விலகி இடம் விட்டாள். அவர் விரல் விசையிலேயே இருந்தது.