நூற்று முப்பத்தேழாவது வரி

"ஏப்ரல் 21, செவ்வாய். தவறு: மஞ்சுளா மேடத்துக்கு இருநூறு பல்லுறுப்புக்கோவைகளைத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். இருநூற்றொன்று அனுப்பிவிட்டேன். மூன்று முறை எண்ணினேன். எது கூடுதல் என்று தெரியவில்லை. நாளை வகுப்பில் சொல்லிவிட வேண்டும்."

எழுதிவிட்டு சுகப்பிரியா நான்காம் முறையும் எண்ணினாள். இருநூற்றொன்றுதான்.

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தவள் அவள். பகலில் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை, மாலையில் கணித வகுப்பு. தொழிற்சாலைக்காரர்களுக்காகவே ஒரு கல்லூரி நடத்தும் வகுப்பு அது. இருபது பேர் படித்தார்கள். பத்தொன்பது பேர் முப்பதுக்குள். இருபதாவது ஆள் வடக்குப்பட்டு தணிகாசலம், வயது ஐம்பத்தெட்டு. சுகப்பிரியாவோடு ஒரே லைனில் வேலை, வகுப்பிலும் ஒரே பெஞ்சு. முப்பதாம் தேதி அவருக்குப் பணி ஓய்வு. கம்பெனி அடையாள அட்டை போனால் வகுப்பில் இருக்கும் இடமும் போய்விடும். விதி அப்படி. வகுப்பெடுக்கும் மஞ்சுளா மேடம் அவருக்காகக் கல்லூரி முதல்வரிடம் இரண்டு முறை பேசிப் பார்த்துவிட்டார். பலிக்கவில்லை.

போன வாரம்தான் அதே கல்லூரியில் முதுமையைப் பற்றி ஆய்வு செய்யும் ஒருவர் தணிகாசலத்திடம் வினாத்தாள் கொடுத்திருந்தார். ஓய்வுக்குப் பிறகு நேரத்தை எப்படிக் கழிப்பீர்கள்? டிவி, கோயில், பேரப்பிள்ளைகள், தோட்டம் என்று நான்கு கட்டங்கள். தணிகாசலம் எதிலும் டிக் போடவில்லை. ஓரத்தில் 'பெருக்கல், வகுத்தல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

"அவரு வூட்டைப் பெருக்குறதுன்னு நினைச்சிகினாரு பாப்பா. ரொம்ப நல்ல பழக்கம்னு பாராட்டிட்டுப் போறாரு!" என்று கம்பெனி பஸ்ஸே அதிரும்படி சிரித்தார்.

மஞ்சுளா மேடத்தின் ஆராய்ச்சி வேறு. ஒரு பெரிய கோவையைக் கணினி எப்படிச் சீக்கிரமாகக் காரணிகளாகப் பிரிக்கலாம் என்பது. கோவையில் தெரியும் எண்களைப் பார்த்தே காரணிகளுக்குள் எவ்வளவு பெரிய எண்கள் இருக்கக்கூடும் என்று ஓர் எல்லை போட்டு, அந்த எல்லைக்குள் மட்டும் தேடுவது அவர் கண்டுபிடித்த வழி. சோதித்துப் பார்க்கத்தான் வகுப்பில் ஆளுக்குப் பத்துக் கோவைகள் கேட்டிருந்தார். எல்லார் தாள்களையும் வாங்கிச் சேர்த்துத் தட்டச்சு செய்வது சுகப்பிரியாவின் பொறுப்பு. வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்பியாக வேண்டும்.

புதன்கிழமை வகுப்பில் சுகப்பிரியா எழுந்து நின்றாள். "மேடம், ஒண்ணு கூடிப்போச்சு. தப்பு எம்மேலதான்."

"கூடினா என்னம்மா? எல்லாம் அருமையா ஓடியிருக்கு!" மேடம் முகமெல்லாம் பூரிப்பு.

தணிகாசலம் தயங்கிக்கொண்டே கேட்டார். "மேடம், நூத்தி முப்பத்தேழுக்கு இன்னா வந்துச்சு?"

"பிரியாதுன்னு வந்தது. ஏன் சார்?"

"சும்மாதான்." அவர் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் அவர் வல்லக்கோட்டை முருகன் கோயில் பக்கம் கும்பிடுகூடப் போடவில்லை.

"என்ன அண்ணாச்சி, பேசாம வாரிய?"

"அண்ணாச்சி அண்ணாச்சின்னுகினு. நான் இன்னா மளிகைக் கடையா வச்சிகினு கீறேன்?" வழக்கமான பதில்தான். ஆனால் சிரிப்பு வரவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டே சொன்னார். "அந்த ஒண்ணு நான் கலந்தது பாப்பா. ரெட் பீஸ்."

சுகப்பிரியாவுக்கு உடனே விளங்கிவிட்டது. அவர்கள் லைனில் ஷிஃப்ட் தொடங்கும்போது, குறையுள்ளது என்று தெரிந்த ஒரு பீஸை நல்ல பீஸ்களுக்கு நடுவே யாரிடமும் சொல்லாமல் கலப்பார்கள். சோதிக்கும் இயந்திரம் அதைச் சரியாகத் தள்ளினால்தான் வேலை தொடங்கும். அதைக் கலப்பது இருபது வருஷமாகத் தணிகாசலத்தின் வேலை. அந்தப் பழக்கத்தில், சுகப்பிரியா சேர்த்து வைத்திருந்த தாள்களுக்கு நடுவே, நூற்று முப்பத்தேழாவதாக, விடை தெரிந்த ஒன்றைச் செருகிவிட்டார்.

"ரெண்டு கோவையை நானே பெருக்கி வச்சேன். நட்டநடுவுல பெரிய நம்பரெல்லாம் ஒண்ணுக்கொண்ணு அடிபட்டுப் போற மாதிரி. அது பிரியும் பாப்பா. மிஷின் பிரியாதுன்னுது."

"அப்பம் நேத்தே சொல்ல வேண்டியதுதான?"

"எனக்காக முதல்வர்கிட்ட நின்ன அம்மா அது. அவங்க கட்டுரையில கல்லைப் போடவா? இன்னும் ஒரே வாரம். நல்ல பேரோட போய்டறேன், வுடு."

சுகப்பிரியா அவரிடமிருந்து அந்தத் தாளை வாங்கினாள். பஸ் குலுங்கக் குலுங்கப் பெருக்கினாள். தன்மேல் நம்பிக்கையில்லாமல் x-க்கு ஒன்று போட்டுப் பார்த்தாள்; பிறகு இரண்டு, பிறகு மூன்று. எல்லாம் ஒத்துப்போயின. தப்பு தன் பக்கம் இல்லை என்பதே அவளுக்குப் புதிய அனுபவமாக இருந்தது.

"கெட்ட பீஸ் வெளிய போனா நம்ம லைன்ல என்ன செய்வோம் அண்ணாச்சி?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "லைனை நிறுத்துவோம்," என்றார், காதில் விழுந்தும் விழாமலும்.

அன்று மாலை மேடத்தின் அறையில் தணிகாசலம் வாசலோடு நின்றுகொண்டார். சுகப்பிரியாதான் வெள்ளைப் பலகையில் பெருக்கிக் காட்டினாள்.  மேடம் தானே ஒரு முறை பெருக்கினார். கணினியில் இன்னொரு முறை ஓட்டினார். பிரியாது என்றது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"வெளியே தெரியற எண் சின்னதா இருந்தா உள்ளேயும் சின்னதாத்தான் இருக்கும்னு எல்லை போட்டுட்டேன். எப்பேர்ப்பட்ட முட்டாள்தனம்!" சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "நாளைக்கு அனுப்பியிருந்தா ஊர் உலகமே சிரிச்சிருக்கும். இப்ப நான் மட்டும் சிரிக்கிறேன். சார், ஏன் வெளியே நிக்கிறீங்க? இந்த மாதிரி இன்னும் எத்தனை செய்ய முடியும்?"

"எத்தினி வோணும்?"

"ஐநூறு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா ஏமாத்தணும்."

"ஏமாத்தறதா? இருபது வருஷமா அதுக்குத்தானே எனக்குச் சம்பளம்!"

மேடம் மேசை இழுப்பறையைக் கிளறி ஒரு படிவத்தை எடுத்தார். அவருடைய ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளர் இடம் ஒன்று ஆறு மாதமாகக் காலியாகவே கிடந்தது. ஒரு வருஷ நியமனம், கல்லூரி அடையாள அட்டை உண்டு. அட்டை இருந்தால் மாலை வகுப்பிலும் உட்காரலாம். சுகப்பிரியா படிவத்தை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தாள்.

"மேடம், குறைஞ்ச வயசு இருபத்தொண்ணுன்னு போட்டிருக்கு. கூடுன வயசு எங்கயும் இல்ல."

"முதல்வரும் நாலு தடவை படிச்சுப் பார்க்கட்டும்," என்றார் மேடம். "கட்டுரைக்கு இன்னும் ஒரு மாசம் கேட்டு எழுதிடறேன்."

தணிகாசலம் படிவத்தை இரண்டு கையாலும் வாங்கினார். "எங்கம்மா பொஞ்சாதி கேட்டா இன்னா சொல்றது? ரிட்டையர் ஆவறதுக்கு முன்னாடியே வேலைல சேந்துட்டேன்னா?" என்று உளறி, "எங்கம்மா இல்லை, எம்பொஞ்சாதி," என்று திருத்திக்கொண்டார். மூவரும் சிரித்தார்கள்.

"ஏப்ரல் 23, வியாழன். தவறு: பலகையில் எழுதும்போது ஓரிடத்தில் கழித்தல் குறியை விட்டுவிட்டேன். மேடம் கவனிப்பதற்குள் திருத்திவிட்டேன். நாளை செய்ய வேண்டியது: படிவத்தோடு வைக்க அண்ணாச்சியின் பிறப்புச் சான்றிதழை நகல் எடுத்து, ஆறு மணிக்குள் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, ரசீது வாங்க வேண்டும்."