பின்வாங்கத் தெரியாத நாய்

எங்கள் நாய் குட்டை மழைநீர்க் குழாய்க்குள் நுழைந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. எங்கள் சலவைக்கடையின் பின்புறம், துணி அலசும் தொட்டிக்குப் பக்கத்தில் அந்தக் குழாயின் வாய் இருக்கிறது. மொட்டைமாடித் தண்ணீர் முழுக்க அதன் வழியாகத்தான் தெருச் சாக்கடைக்குப் போகும். எலியைத் துரத்திக்கொண்டு உள்ளே போனவன் இறுக மாட்டிக்கொண்டான். டார்ச் அடித்தால் பின்பக்கம் மட்டும் தெரிந்தது, உறுமல் கேட்டது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

காலும் உடம்பும் குட்டை. கோபம் மட்டும் ஆளுயரம். டெர்ரியர் இனம். துணி கொடுக்க வருகிறவர்களை நிறுத்திவைத்து அதன் வரலாற்றை அளப்பேன். வளைக்குள் ஒளிந்த நரியை உள்ளேயே போய் விரட்டுவதற்கென்று மனிதன் உண்டாக்கிய நாய். நெஞ்சு இரண்டு கைக்குள் அடங்கவேண்டும். பயந்து திரும்பி வந்த நாயிடம் குட்டி எடுக்கவே மாட்டார்கள். அப்படித் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி, பின்வாங்கும் புத்தியையே ரத்தத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இதைச் சொல்லும்போது என்னவோ நானே பொறுக்கியதுபோல மீசையைத் தடவிக்கொள்வேன். அன்று அதே வரலாறுதான் அவனை உள்ளே மாட்டிவைத்திருந்தது.

"குட்டை! வாடா செல்லம், வாடா!" என்று நானும் மனைவியும் மாறி மாறிக் கத்தினோம். கத்தக் கத்த அவன் முட்டி மோதி இன்னும் உள்ளே நகர்ந்தான்.

வரவழைத்திருந்த பிளம்பர் தரையைத் தட்டிப் பார்த்தார். "ஒரு அடி கான்கிரீட் சார். உடைக்க ரெண்டு மணி நேரமாவது ஆகும். மழை அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்காது."

நாயை எங்களுக்கு விற்றவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் சத்தம் போட்டார்.

"மொதல்ல ரெண்டு பேரும் வாயை மூடுங்க. வளைக்குள்ள உங்க குரல் கேட்டா, நம்ம ஆளு பின்னாடியே நிக்கிறாரு, விடாம போன்னுதான் அதுக்கு அர்த்தம். கையை விட்டு வாலைப் பிடிச்சு இழுங்க."

"வாலையா?"

"பின்ன? அந்த இனத்துக்கு வால் அவ்வளவு கெட்டியா எதுக்கு இருக்கு? மாட்டிக்கிட்டா பிடிச்சு இழுக்கத்தான். தைரியமா இழுங்க, ஒண்ணும் ஆகாது."

மனைவிதான் சொன்னாள்.

"வால் இல்லைங்க. காலண்டர்ல பாத்த நாய் மாதிரி மிடுக்கா இருக்கணும்னு போன வருஷம் இவர் வெட்டிட்டாரு."

அப்போது ஒரு கால்நடை டாக்டர் முடியாது என்று திருப்பி அனுப்பினார். நான் அலைந்து திரிந்து இன்னொருவரைப் பிடித்து, வாலை ஒட்ட எடுக்கச் சொன்னேன். ஊருக்கெல்லாம் வரலாறு அளந்த முட்டாளுக்கு இந்த ஒன்று தெரியவில்லை.

போனில் அவர் குரல் இறங்கியது. "அப்ப பின்னங்காலைத்தான் பிடிக்கணும். கால் போனாலும் போயிடும். உயிர் வேணும்னா இழுங்க."

முதல் தூறல் விழுந்தது. பிளம்பர் உள்ளே விட்ட தடித்த கை முழங்கையோடு நின்றுவிட்டது. சேற்றில் குப்புறப் படுத்து என் கையை விட்டேன். தோள்வரை போனதும் ரோமம் தட்டுப்பட்டது. வால் இருக்கவேண்டிய இடத்தை விரல்கள் தேடின. வழுவழுவென்று தோல்தான் இருந்தது. கீழே ஒரு கால் சிக்கியது. மாடித் தண்ணீர் குழாயில் இறங்க ஆரம்பித்திருந்தது.

"இழுங்க!" என்றாள் மனைவி. அழுதுகொண்டே இழுத்தேன். உள்ளே ஏதோ மளுக்கென்றது. குட்டை வீறிட்டான். நான் கையை எடுக்கவில்லை.

வெளியே வந்து விழுந்தவனைப் பார்க்கச் சகிக்கவில்லை. பின்னங்கால் துணிபோலத் தொங்கியது. யாரோ சலவைக்குக் கொடுத்த படுக்கை விரிப்பை உதறி, அவனைச் சுற்ற மனைவி ஓடிவந்தாள். அதற்குள் அவன் எழுந்துவிட்டான். எலி இன்னும் உள்ளேதான் இருந்தது. மூன்று காலில் நொண்டிக்கொண்டு குழாயை நோக்கியே போனான்.

பாய்ந்துபோய் நெஞ்சால் குழாய் வாயை அடைத்துப் படுத்தேன். மழைத் தண்ணீர் முகத்தில் அடித்தது. என் விலாவை முன்னங்கால்களால் பிறாண்டி, உறுமி, வழி கேட்டான்.

"போதும்டா குட்டை! விட்டுடுடா!" என்று கதறினேன்.

என் குரல் கேட்டதும் இன்னும் வேகமாகத் தோண்டினான்.