ஏழாவது பெட்டி

மார்ச் 9. மூன்றாம் மாடியில் ஆறு வீடுகள் என்று முன்பு எழுதியது தவறு. ஏழு. ஆறாவது வீட்டைத் தாண்டிய சுவரில் பச்சைக் கதவு ஒன்று முளைத்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் காற்று. கீழே சைக்கிள் நிறுத்துமிடம்.

இந்த மாடியில் யாருக்கும் தனி இணையம் கிடையாது. ஒவ்வொரு வீட்டு வைஃபை பெட்டியும் பக்கத்து வீட்டுச் செய்தியை வாங்கி அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடும். கூடப் புழங்குகிறவர்களிடம் பாஸ்வேர்ட் கேட்பது மரியாதைக் குறைவு என்பதால் ஒருவரும் அதை வைத்துக்கொள்ளவில்லை. போன மாதம் இதே மாடியில் இருக்கும் எலக்ட்ரீஷியனின் போனில் ஏழாவதாக ஒரு பெட்டி தெரிந்தது. "யாரோ புண்ணியவான் சேர்ந்திருக்கான். சிக்னல் பிச்சுக்கிட்டுப் போகுது, எதுக்கு நோண்டணும்?" என்றார் அவர். மற்றவர்களும் தலையாட்டினார்கள். பெட்டி முதலில் வந்தது, கதவு பிறகு வந்தது. படி பெருக்கும் முறையில் அந்த வீட்டையும் சேர்த்துவிட்டார்கள். அதன் முறை வரும் நாளில் படி சுத்தமாகத்தான் இருக்கிறது.

ஆறாவது வீட்டில் இருப்பவள் தையல்காரி. அடித்த கணவனிடமிருந்து தப்பி, சொந்த அக்காவுக்குக்கூட இடம் சொல்லாமல் இங்கே வந்தவள். அக்காவுக்கு அவள் அனுப்பிய செய்திகளெல்லாம் ஏழாவது பெட்டி வழியாகத்தான் போயின. சென்ற வாரம் அக்காவிடமிருந்து பதில் வந்தது: "எங்கடி இருக்க? சொல்லு, மனசு கேக்கல." இவள் தெருவையும் மாடியையும் எழுதி அனுப்பிவிட்டாள். நேற்று மருந்துக்கடைப் போனிலிருந்து அக்காவைக் கூப்பிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. "நான் எங்கடி கேட்டேன்? உங்கிட்டேர்ந்து ஒரு வரிகூட வரலயேன்னு இங்க துடிச்சுக்கிட்டு இருக்கேன்!"

இன்று மாலை பச்சைக் கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது: "திறடி, நான்தான்." கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் ஓர் ஆண் செருமினான். பழகிய அந்தச் செருமலைக் கேட்டதிலிருந்து தையல்காரி கையிலிருந்த கத்தரிக்கோலை விடவே இல்லை. எலக்ட்ரீஷியன் ஆறு பெட்டிகளையும் பிடுங்கிப் போட்டார். கதவிடுக்கில் வெளிச்சம் அப்படியே இருந்தது.

"அணைக்க முடியலயா, அண்ணே?" என்றாள் தையல்காரி.

"நாமதானம்மா உள்ள விட்டோம்," என்றார்.

கதவை உடைப்பது பற்றி யாரும் பேசவில்லை. அதுவும் ஒரு வீடுதான் என்றாகிவிட்டது.

நாளை விடிந்ததும் தையல் இயந்திரத்தைக் கழற்றிக் கீழே இறக்க வேண்டும். தூக்க வருகிறவர்கள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். எங்கே போகிறாள் என்று அவளிடம் ஒருவரும் கேட்கக் கூடாது.