கழுவாத மணல்

இராமநாதபுரத்தில் என் பட்டறையில் நின்ற மணல்பெட்டிக்குள், 1965 மாசி தொடங்கி நாளுக்கு இரண்டு தடவை கடல் ஓதம் ஏறி இறங்கியது, காரணம் நான்தான். பழைய கார்ப் பாகங்களை அந்தத் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடி, முன்பக்கம் பொருத்திய நீள ரப்பர் கையுறைகளுக்குள் கையை விட்டு, கண்ணாடி வழியே பார்த்தபடி காற்றோடு மணலை வீசி அடித்தால் துரு உதிர்ந்து இரும்பு வெளுத்துவிடும். கடல்மணலை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிக் காயவைக்க வேண்டும் என்பது முறை. ஊரில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு. எனக்கு உடம்பு வணங்குவதில் தட்டுப்பாடு. புயல் தனுஷ்கோடியை விழுங்கிய இரண்டாம் மாதம், அங்கிருந்து வந்த மணலை அப்படியே கொட்டிவிட்டேன்.

தேவிபட்டினம் ஜெய்னுலாபுதீன் தன் வாப்பாவின் ஆஸ்டின் காரை மகள் கல்யாணத்துக்குள் ஓடவைக்கச் சொல்லி விட்டிருந்தார். காலையில் வெளுத்த பம்பர் சாயங்காலம் துருவேறி, சிப்பி ஒட்டிக் கிடந்தது. காரைக் கொடுத்தால் தோணியாகத் திருப்பித் தருவாயா என்று கேட்டார். வெல்டர் இருளாண்டி, வாசலில் துறைமுகம் என்று பலகை மாட்டச் சொன்னான்.

மணலை வெளியே அள்ளிக் கொட்ட மண்வெட்டியோடு போனேன். லீமாரோஸ் பெட்டியை விட்டு நகரவில்லை. தங்கச்சிமடத்துக்காரி. அவள் கணவன் யாக்கோபு அந்தப் புயலில் போனவன், உடலும் ஒதுங்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு என்னிடம் பாகம் துடைக்க வந்திருந்தாள். இரண்டு கையும் கையுறைக்குள் இருந்தன. கண்ணாடியில் மணல்தான் தெரிந்தது. ஆனால் வலது கையுறையின் ரப்பர், யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல ஐந்து விரல் தடத்துக்குக் குழிந்திருந்தது.

மண்வெட்டியைச் சாத்திவிட்டு வேறு பெட்டி செய்தேன். இந்த முறை மணலை ஐந்து தடவை அலசினேன். ஆஸ்டின் கல்யாணத்துக்குப் போனது, அடுத்த வருஷம் பேரனைப் பார்க்கவும் போனது. ஓதம் ஏறும் நேரம் லீமாரோஸ் பழைய பெட்டிக்குப் போவாள், வற்றியதும் வேலைக்கு வருவாள். பங்குச் சாமியார் ஒருநாள் வந்து பார்த்து, பெட்டியின் அடித்தகரம் அரித்துவிடும், தார் பூசு என்று சொல்லிப் போனார். யாக்கோபுக்கு இறந்தோர் பூசை வைக்க மாமியார் வருஷாவருஷம் ஆளனுப்பினாள்; இவள் ஒப்பவில்லை. என் சோம்பேறித்தனம் ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டுவிட்டதே என்று எனக்குச் சோறு இறங்காது. உள்ளே யாக்கோபுதானா என்று கேட்டால், சாளை மீன் விலையைச் சொல்வாள்.

1969 கார்த்திகையில் அவளே போய்ப் பூசை வைத்தாள். மறுநாள் வந்து, வழக்கம்போலக் கையை விட்டாள். இனியும் எதற்கம்மா என்று கேட்டேன்.

"அது அவுக கை இல்லண்ணே" என்றாள். "பொம்பளக் கை. வளவி கெடக்கு. மொத நாளே தெரியும். அவளத் தேடி யாரும் வரல. அவுக கையையும் எங்கனயாவது ஒருத்தி பிடிச்சிருப்பால்ல."