பனியன் வேஸ்ட் அடைத்த டின்

குன்னூரில் அயூப் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். பிரேக் அயூப் என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் கை காட்டுவார்கள். எஞ்சின் வேலையும் எனக்குத் தெரியும். ஆனால் பதினெட்டு வருஷமாகப் பிரேக்கைத் தவிர வேறு எதையும் நான் தொடவில்லை. அதற்குக் காரணம் என் தங்கை நஜ்முன்னிசாவின் புருஷன் ரஹீம்.

ரஹீம் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். 2004 ஆகஸ்டில், மழை விடாத ஒரு நாள், ஊட்டி மார்க்கெட்டில் தன் வேனில் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டு கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினான். அந்த இறக்கத்தில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் தாண்டியவன் ஒரு வளைவில் திரும்பவில்லை.

இரண்டு நாளைக்கு முன்புதான் அந்த வேனுக்கு நான் பிரேக் வேலை பார்த்து, ஆயில் மாற்றிக் கொடுத்திருந்தேன். விபத்துக்கு மறுநாள் மோட்டார் வாகன அதிகாரி வந்து, மரத்தில் சிக்கி நின்ற வேனின் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். பெடல் கல் மாதிரி நின்றது. கியர் நியூட்ரலில் கிடந்தது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கியிருக்கிறான் என்று முடிவாயிற்று. பிரேக் நல்ல நிலையில் இருந்தது என்ற அந்த அறிக்கையின் நகலை வாங்கி டூல்ஸ் பெட்டியின் அடித்தட்டில் பத்திரமாக வைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ரஹீமை அடக்கம் செய்த வாரத்திலேயே அந்தக் காகிதத்தைப் படித்து நிம்மதியாக மூச்சு விட்டவன் நான். செத்தவனுக்கு வாய் இல்லை.

நஜ்முவுக்கு அந்தக் காகிதம் வேறு மாதிரிப் பட்டது. அதற்குப் பத்து நாள் முன்பு ரஹீமோடு வேனில் வந்தவள், அவன் இறக்கத்தில் நியூட்ரல் போட்டதைப் பார்த்துச் சண்டை பிடித்து, கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். இனி போடமாட்டேன் என்று சொன்னவன் பத்தாம் நாள் நியூட்ரலில் செத்தான். அவள் அழுததை விடக் கோபப்பட்டதே அதிகம். வருஷா வருஷம் அவன் நினைவு நாளில் பாத்திஹா ஓதி எல்லோருக்கும் சோறு போடுவாள். அவன் பெயரை மட்டும் சொல்லமாட்டாள். மிஞ்சிப்போனால் "வாக்குத் தவறுன மனுசன்" என்பாள். நானும் கேட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வருவேன்.

நாலு மாதம் முன்பு ஞானசீலன் வந்தார். தேயிலை ஏலத்தில் புரோக்கர். வயது ஐம்பதை நெருங்குகிறது. இரண்டே சீட் உள்ள சிவப்பு வெளிநாட்டுக் கார் ஒன்று வைத்திருக்கிறார். மாதம் ஒரு ஞாயிறு கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கும் ரேஸ் டிராக்குக்கு அதைக் கொண்டுபோய், மனம் போல விரட்டிவிட்டுத் திங்கட்கிழமை நல்ல பிள்ளையாக ஆபீஸ் போவார். ஆறு சுற்று ஓடினால் பெடல் மெத்தென்று ஆகிறது, பிரேக் டிஸ்க்கில் சூடு தாங்கவில்லை என்றார். மலையில் பிறந்த மனுஷனுக்குச் சமவெளியில் போய் என்ன அவசரம் என்று கேட்டேன். அவர் சிரித்தார். பிரேக் என்றதும் என்னால் மறுக்க முடியவில்லை.

வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. டிஸ்க்குக்குப் பின்னால் சேறு அடிக்காமல் இருக்க ஒரு தகடு இருக்கும். மழைக்கு அது நல்லது. ஆனால் காற்றையும் மறித்துவிடும். அதை வெட்டி எடுத்தேன். முன் பம்பரில் பனி விளக்கு இருந்த ஓட்டையை வாயாக்கி, அங்கிருந்து சக்கரம் வரைக்கும் மூன்று அங்குலக் குழாய் இழுத்தேன். டீ ஃபேக்டரியில் சூட்டுக்காற்று போகும், உள்ளே கம்பிச் சுருள் வைத்த துணிக்குழாய் அது. டிஸ்க்கின் வெளிமுகத்தில் ஊதினால் ஒரு பக்கம் மட்டும் ஆறி டிஸ்க் கோணிவிடும். அதனால் காற்று நடுமையத்தில் புகுந்து, உள்ளே இருக்கும் இடுக்குகள் வழியாக நாலா பக்கமும் வெளியேறுகிற மாதிரி ஒரு அலுமினிய முனையை அடித்தேன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாலும் டயர் குழாயில் உரசாமல் பார்த்துக்கொள்வதற்கே நாலு நாள் ஆயிற்று. கடைசியில், செய்வதைத் திருந்தச் செய்வோம் என்று, பழைய பிரேக் ஆயிலை முழுக்க இறக்கிவிட்டு என் டின்னிலிருந்து புது ஆயில் ஊற்றினேன்.

அடுத்த ஞாயிறு நானும் டிராக்குக்குப் போனேன். முதல் மூன்று சுற்று முடிந்து உள்ளே வந்ததும் டிஸ்க்கில் சூடு பார்க்கும் கருவியைக் காட்டினேன். குழாய் போடும் முன்பு ஐந்நூற்று எண்பது டிகிரி காட்டியதாக ஞானசீலன் சொன்ன இடத்தில் நானூற்றுப் பத்து. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் நின்ற அம்புரோஸ் என்கிற டிராக் மெக்கானிக்கிடம் என் குழாயின் பெருமையை அவிழ்த்துவிட்டேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

மறுபடி போன ஞானசீலன் நாலாவது சுற்றில் வளைவைத் தாண்டி நேரே மணலுக்குள் போய் நின்றார். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. முகம் மட்டும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"பெடல் தரை வரைக்கும் போயிருச்சுங்க. மிதிச்சா ஒண்ணுமே இல்லீங்க" என்றார்.

நான் உட்கார்ந்து மிதித்தேன். கால் பஞ்சு மூட்டையில் அமுங்குவது போல உள்ளே போயிற்று. எங்கும் ஆயில் ஒழுகவில்லை. காரை மணலிலிருந்து இழுத்து, நிழலில் நிறுத்தி, ஒவ்வொரு இணைப்பாகத் துடைத்துப் பார்த்தேன். அதற்குள் அரை மணி போயிற்று. மறுபடி ஏறி மிதித்தேன்.

பெடல் கல் மாதிரி நின்றது.

இன்னொரு தடவை மிதித்துப் பார்த்தேன். சூடாக இருந்தபோது செத்துக் கிடந்த பிரேக், ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல உயிரோடு இருந்தது. ரஹீமின் வேனில் பெடலை அதிகாரி மிதித்துப் பார்த்தது மறுநாள்.

அம்புரோஸ் பேனா மாதிரி ஒரு கருவியைக் கொண்டுவந்து காரின் பிரேக் ஆயில் டப்பாவில் நனைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆயிலில் தண்ணீர் ஏறியிருக்கிறது, டிஸ்க் எவ்வளவு ஆறினாலும் இந்த ஆயில் முன்கூட்டியே கொதித்துவிடும், கொதித்தால் குழாயில் ஆவிதான் இருக்கும், ஆவியை மிதித்து வண்டியை நிறுத்த முடியாது என்று விளக்கினார். ஆறினால் ஆவி திரும்ப நீராகிப் பெடல் ஏறிவிடும் என்றார். எப்போது மாற்றிய ஆயில் என்று கேட்டார். போன வாரம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அந்தப் பேனாவைக் கடன் வாங்கிக்கொண்டு மலை ஏறினேன். ஒர்க்‌ஷாப்பில் என் பெரிய டின் வழக்கமான மூலையில் இருந்தது. இந்த மலையில் பாதி மெக்கானிக்குகள் வைத்திருப்பது போலத்தான் நானும் வைத்திருந்தேன். மூடி என்றைக்கோ தொலைந்திருக்கும். வாயில், கை துடைக்கிற பனியன் வேஸ்ட் ஒரு பிடி அடைத்திருக்கும். தூசி விழாமல் இருந்தால் போதும் என்பது எங்கள் ஞானம். மலையில் இறங்குகிற பனிமூட்டம், எங்கள் மஞ்சு, கதவைக் கேட்டுக்கொண்டா உள்ளே வருகிறது? ஆடி மாதத்தில் எங்கள் வீட்டு உப்பு ஜாடியே தண்ணீராகக் கசியும். அந்த ஆயிலும் உப்பு மாதிரிதான், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடி வைக்கவும் என்று டின்னின் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. எஸ்டேட் ஜீப்பும் வாடகைக் காரும் இரண்டாம் கியரில் ஊர்ந்தே போவதால் இத்தனை வருஷம் அந்த ஆயிலுக்குக் கொதிக்கும் அளவு சூடு ஏறவில்லை. கிழங்கு மூட்டை ஏற்றிய வேனுக்குக் கல்லட்டியில் ஏறியிருக்கும்.

பேனாவை டின்னில் விட்டேன். சிவப்பு எரிந்தது.

ரஹீமுக்கு ஊற்றியது இந்த டின் அல்ல. ஆனால் அன்றைய டின்னின் வாயிலும் பனியன் வேஸ்ட்தான் இருந்தது. கியரும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெடல் தரைக்குப் போனால் எந்த டிரைவரும் கியரைக் குறைக்கத்தான் பார்ப்பான். மூன்றாம் கியரிலிருந்து கழற்றியிருப்பான், ஓடுகிற வேகத்தில் இரண்டாம் கியர் விழுந்திருக்காது. கியர் குச்சி நடுவில் நின்றுவிட்டது. அதைத்தான் நாங்கள் எல்லோரும் பதினெட்டு வருஷமாக நியூட்ரலில் வந்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

என் கையால் ஆயில் வாங்கிய வண்டிகளை எல்லாம் மறுநாளே போன் போட்டுக் கூப்பிட்டு, சீல் உடைக்காத சின்ன டப்பாக்களை வாங்கி மாற்றிக் கொடுத்தேன். ஞானசீலனின் காருக்கும் மாற்றினேன். அடுத்த மாதம் அவர் பதினைந்து சுற்று ஓடினார். பெடல் ஒரு நூல்கூட இறங்கவில்லை. எல்லோரும் என் குழாயைக் குனிந்து பார்த்துப் பாராட்டினார்கள். நான் ஒவ்வொரு சுற்றிலும் அது இறங்கிவிடாதா என்று ஏங்கிக்கொண்டு நின்றேன். இறங்கியிருந்தால் ஆயில் இல்லை, வேறு ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஒரு மனுஷன் உயிரோடு திரும்பி வருவதைப் பார்த்து ஏமாந்து போனவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

திங்கட்கிழமை காலை நஜ்மு வீட்டுக்குப் போனேன். அவள் தையல் மெஷினில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். டீ வைக்க எழுந்தவளை உட்காரச் சொன்னேன். அறிக்கையின் நகலை மெஷின் மேல் வைத்துவிட்டு, டின், மஞ்சு, பெடல், கியர் என்று ஒன்று விடாமல் சொன்னேன். நான் பார்த்த பிரேக்தான் ரஹீமைக் கொன்றது, இது தப்புக் காகிதம் என்று முடித்தேன். என்ன கேட்டாலும் தாங்கிக்கொள்வது என்று தீர்மானித்துத்தான் போயிருந்தேன். அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அவள் காகிதத்தைத் தொடவே இல்லை. மெஷின் ஊசியிலிருந்து ஜாக்கெட்டை எடுத்து மடித்து வைத்தாள்.

"அப்ப அவரு நியூட்ரல் போடலீங்களா?"

"இல்லம்மா. கடைசி வரைக்கும் கியர்லதான் வந்திருக்கான்."

"வாக்குத் தவறலையா?"

"தவறல."

"இன்னொருக்காச் சொல்லுங்க."

சொன்னேன். கியர் விஷயத்தை மட்டும் சொன்னேன். அவளுக்கு வேண்டியது அதுதான். அவள் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். பதினெட்டு வருஷமாக நான் பார்க்காத அழுகை அப்போது வந்தது. பக்கத்தில் போக எனக்குத் துணிச்சல் இல்லை. கொஞ்சம் அடங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"உங்க மேல கோவம் வருமுங்கண்ணா. வராம இருக்காது. அது நாளைக்கு வரட்டும்" என்றாள். "இன்னைக்கு நீங்க போங்க. நான் அவருகிட்டப் பேசணும்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, உள்ளே அவள் ரஹீமின் பெயரைச் சொல்வது கேட்டது.