நாலாம் நம்பர் ஜீப்பின் பதினோராவது வரி

1

இந்தக் கதை திருட்டுச் சொத்து. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை வையக்கூடாது.

நான் எழுதுவதை டைப் அடித்துத் தரும் ஜெராக்ஸ் கடை அல்லிநகரத்தில் இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவள் நதியா, முப்பது வயதிருக்கும். போன ஆவணியில் ஒரு கதை கொடுத்தேன். அதில் ஒருத்தி கம்ப்யூட்டரில் ஏதோ பொத்தானை அமுக்குவாள், ஆபீஸ் விவரம் மொத்தமும் அழிந்துபோகும். நதியா அதை அடித்து முடித்துவிட்டு, "அழிக்கிறதுன்னா இப்படி இல்ல சார். ஒரே ஒரு வரிய மட்டும் அழிக்கலாம். மத்ததெல்லாம் அப்படியே இருக்கும்" என்றாள். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டேன். சொன்னாள். நான் வீட்டுக்குப் போய் அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன், எழுதலாமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எழுதி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஆள் இந்த ஜில்லாவிலேயே அவள் ஒருத்திதான்! வெட்கத்தை விட்டு அவளிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். கீழே சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் டைப் அடிக்கும்போது அவளாகச் சேர்த்தது. எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

மலைமேல் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்த அதிகாலையில், விதி தன்

[பனி இல்ல சார். மணி ஏழு. நல்லா வெயில் விழுந்திருச்சு.]

சரி. இரண்டாவது முயற்சி:

சோணையம்மாளின் விரல்கள் ஏலக்காயின் வாசத்தை

இதை நானே விட்டுவிட்டேன். ஏலத்தோட்டத்துக்குள் நான் இரண்டு முறைதான் போயிருக்கிறேன், இரண்டு முறையும் அட்டைப்பூச்சிக்குப் பயந்து ஓடிவந்தவன். நேராகவே சொல்லிவிடலாம்.

3

இந்தக் கடைக்கு வருவதற்கு முன் நதியா கம்பத்தில் ஓர் ஏலத்தோட்டக் கம்பெனியின் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்தாள். விடிந்ததும் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும். ஏறும்போது ஒவ்வொருத்தியும் கார்டை நீட்ட, டிரைவர் செல்போனில் அதை ஸ்கேன் செய்வார். பெயர் நதியாவின் சாப்ட்வேரில் வந்து விழும்.

அந்த வருடம் கம்பெனி புது சாப்ட்வேர் வாங்கியிருந்தது. ஐம்பத்தெட்டு வயது தாண்டியவர்களை அது ஏற்காது. சிவப்பு எழுத்தில் 'தகுதி இல்லை' என்று காட்டும். சோணையம்மாளுக்கு அறுபத்தொன்று. நேராக ஆபீசுக்கே வந்துவிட்டாள்.

"ஏத்தா, நேத்து வரைக்கும் காய் எடுத்த கைதான இது. இன்னைக்கு மிசினு வேணாங்குது. அது என்ன, என் கையப் பாத்துச்சா?"

நதியாவுக்குப் பாவமாக இருந்தது. சோணையம்மாளின் மருமகள் மலையம்மாளுக்குக் கார்டு உண்டு, ஆனால் அவள் கைப்பிள்ளைக்காரி, வேலைக்குப் போவதில்லை. நதியா குரலைத் தணித்துச் சொன்னாள்: "பெரியம்மா, மருமக கார்டக் கொண்டாந்து காட்டுங்க. டிரைவர் மூஞ்சியவா பாக்கப் போறாரு?"

ஏழு மாதம் அப்படியே ஓடியது. பெயர் மலையம்மாள், ஆள் சோணையம்மாள்.

[இத நீங்க நல்ல மனசுன்னு எழுதிருந்தீக. அந்த வார்த்தைய எடுத்துட்டேன்.]

4

கம்பம்மெட்டு தாண்டி ஒரு வளைவில் நாலாம் நம்பர் ஜீப் உருண்டது. பத்துப் பேருக்கு அடி, ஒருத்தி அங்கேயே முடிந்துபோனாள்.

மேனேஜர் பீட்டர்ராஜ் ஆபீசுக்குள் ஓடிவந்தார். "யாரு யாரு ஏறுனாகன்னு போலீஸ்ல கேக்குறாக. லிஸ்ட்டக் குடு!"

வழக்கமான ரிப்போர்ட் சாயங்காலம் அன்றைய கணக்கை முடித்தால்தான் வரும். அதுவரை பொறுக்க முடியாது. நதியா குவெரியைத் திறந்தாள்.*

* குவெரி என்பது அந்த சாப்ட்வேரின் அடியில், தனிப் பாஸ்வேர்டு போட்டுப் போகவேண்டிய ஒரு வெற்றுக் கட்டம். மெனுவும் கிடையாது, படமும் கிடையாது. அதன் பாஷையில் கேள்வியை டைப் செய்தால் உள்ளே கிடக்கிற விவரத்தை நேராக எடுத்துக் கொடுக்கும். திருத்து என்றால் திருத்தும், அழி என்றால் அழிக்கும். சாப்ட்வேர்க்காரன் போனில் சொல்லிக்கொடுத்து அந்த ஆபீசில் நதியா ஒருத்திதான் அதைப் படித்திருந்தாள்.

இன்றைய தேதி, நாலாம் நம்பர் ஜீப், ஏறியவர்கள் யார்? பதினோரு வரி வந்தது. பதினோராவது வரி: மலையம்மாள், வயது இருபத்தாறு.

அந்தக் கார்டில் ஏறியது யார் என்று நதியாவுக்குத் தெரியும். சொல்ல வாயெடுப்பதற்குள் பீட்டர்ராஜ் பிரிண்டை உருவிக்கொண்டு போய்விட்டார். ஆஸ்பத்திரியில் இருந்த பத்துப் பெயர்களையும் கழித்தார்கள். மிஞ்சியது மலையம்மாள். கார்டில் இருந்த நம்பருக்குப் போலீஸ்காரர் போன் போட்டார்.

"மலையம்மாள் வீடா? அந்தம்மா ஜீப் ஆக்சிடென்ட்ல இறந்துருச்சு. வீட்டு ஆம்பள யாராச்சும் இருந்தா குடுங்க."

"நாந்தான் மலையம்மா பேசுறேன்."

போலீஸ்காரர் கார்டு நம்பரை இன்னொரு முறை வாசித்தார். அப்புறம் மலையம்மாளுக்குப் புரிந்தது. "ஐயோ அத்தே!" என்று அவள் போட்ட கூச்சலில் அந்தத் தெருவே கூடிவிட்டது.

5

பீட்டர்ராஜுக்கு விஷயம் தெரிந்தபோது மணி பதினொன்று. கதவைச் சாத்திக்கொண்டு நதியாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"கார்டு ஒருத்தி, ஆளு ஒருத்தின்னு வெளிய போச்சுன்னா கம்பெனிய இழுத்து மூடிருவாக. அந்த வரியத் தூக்கிரு. மொத லிஸ்ட்டு தப்புன்னு நான் சொல்லிக்கிறேன். வழியில கைகாட்டி ஏறுன கிழவி, அவ்வளவுதான்."

சோணையம்மாள் அன்றைக்கு அந்த ஜீப்பில் வேலைக்குத்தான் போனாள் என்பதற்கு மிச்சமிருந்த அடையாளம், தப்பான பெயரில் கிடந்த அந்த ஒரு வரி. அதுவும் போனால் அவள் அந்தக் கம்பெனிக்கு யாரோ ஒருத்தி.

இங்கே நான் நாலு நாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு மூன்று முடிவு எழுதினேன்.

(அ) "என்னால முடியாது சார்" என்று நதியா எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு, வெயிலில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

[இப்படி நடக்கல.]

(ஆ) வரியை ஒரு துண்டுத்தாளில் எழுதி இடுப்பில் செருகிக்கொண்டு, அதன்பிறகே அழித்தாள். அன்று மாலை தாள் மலையம்மாளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

[இத நினைச்சேன். நினைச்சதோட சரி.]

(இ) நடுங்கும் விரல்களால், கண்ணீர் திரையிட, மேனேஜரின் மிரட்டலுக்கு அஞ்சி, அவள் அந்த வரியை

[கை நடுங்கல சார். பழகுன கை. தேதி, ஜீப் நம்பர், கார்டு நம்பர் மூணையும் சரியா போட்டேன். ஒரு வரி நீக்கப்பட்டதுன்னு வந்துச்சு. பீட்டர்ராஜ் சாரு மிரட்டுனாக, நெசந்தான். ஆனா நான் அவுகளுக்குப் பயந்து அழிக்கல. அந்த வரி இருந்தா, மருமக கார்டக் காட்டச் சொன்னது யாருன்னு கேப்பாகள்ல? எனக்காகத்தான் அழிச்சேன். இத மாத்தாமப் போடுங்க.]

மாற்றாமல் போட்டிருக்கிறேன்.

6

இதோடு முடிக்கலாம் என்றுதான் இருந்தேன். டைப் அடித்த தாள்களை வாங்கப் போனபோது கடையில் ஓர் ஆள் நின்றிருந்தார். கையில் பழைய ஃபைல். நதியா அவருக்கு ஒரு மனு அடித்துக்கொண்டிருந்தாள். என் தாயார் சோணையம்மாள் மேற்படி கம்பெனியில் வேலை பார்த்து வந்தார் என்பதற்கு, என்று போய்க்கொண்டிருந்தது.

"காசு வேணாண்ணே," என்றாள்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டு வருசமா திங்கக்கெழம திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுக்கு மனு குடுக்குறேன் சார். ஆதாரம் கொண்டாங்குறாக. இந்தப் பிள்ள ஒருநாளும் காசு வாங்குனதில்ல. மகராசியா இருக்கணும்."

அவர் பெயர் விஜயபாண்டி. சோணையம்மாளின் மகன், மலையம்மாளின் புருஷன். அவர் படியிறங்கும்வரை நதியா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை, தாள்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

7

வீட்டில் வந்து பிரித்துப் பார்த்தேன். நான் எல்லாப் பெயரையும் மாற்றித்தான் எழுதியிருந்தேன். திரும்பி வந்த தாளில் எல்லாம் நிஜப் பெயர்கள், அவள் பெயர் உட்பட. கடைசித் தாளின் அடியில் இது:

[சார், கதைய விஜயபாண்டி அண்ணன்கிட்டக் குடுக்கப் போறேன். எம் பேரு, எங் கையெழுத்து போட்டுக் குடுக்குறேன். அதுதான் ஆதாரம். வாயால சொல்ல ரெண்டு வருசமா முடியல. ஆனா அந்த அ, ஆ ரெண்டையும் எடுத்துருங்க. அது இருந்தா கலெக்டர் ஆபீசுல கதையின்னு தூக்கிப் போட்டுருவாக.]

எடுத்துவிட்டால் அப்புறம் என் கதை எங்கே? வெறும் வாக்குமூலம் அல்லவா மிஞ்சும்? அதற்கு ஆசிரியர் என்று என் பெயரைப் போட முடியுமா? இப்படியெல்லாம் யோசிக்கிறவன்தான் நான். ஒரு வாரமாக யோசித்தேன். யோசித்துக்கொண்டே பத்திரிகைக்கு அனுப்பியும்விட்டேன். அ, ஆ இரண்டும் அப்படியே இருப்பதை நீங்களே பார்த்தீர்கள். நிஜப் பெயர்களையாவது விட்டுவைத்தேன் என்று பெருமைப்பட்டுக்கொள்ளவும் எனக்கு வாயில்லை.

எனவே முடிவு என் கையில் இல்லை. உங்களிடம் பேனா இருந்தால் அந்த இரண்டையும் கோடு போட்டு வெட்டுங்கள். என் புலம்பலையும் சேர்த்தே வெட்டலாம். மிச்சத்தை எடுத்துக்கொண்டு அல்லிநகரம் போங்கள், நதியா கையெழுத்துப் போடுவாள். திங்கட்கிழமை பத்து மணிக்கு விஜயபாண்டி கலெக்டர் ஆபீசில்தான் நிற்பார்.